நாள் தள்ளுவதற்கு முன்னால் தொடங்க வேண்டிய மாத்திரை

கர்ப்பம் உறுதியானதும் ஒரு பெண்ணின் கைக்கு வரும் மருந்துச் சீட்டு வரவர நீண்டுகொண்டே போகிறது. ஃபோலிக் ஆசிட், இரும்புச்சத்து, கால்சியம் என்ற பழைய மூன்றோடு வைட்டமின் டி, ஒமேகா-3, ஆன்டி-ஆக்ஸிடென்ட் மாத்திரை, புரோட்டீன் பவுடர் டப்பா என்று பலதும் சேர்ந்துவிட்டன. இத்தனையும் வாங்கிக் கொடுத்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று வீட்டாருக்கும் ஒரு நிம்மதி. அந்த அக்கறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகளைப் பொறுமையாகப் படித்தால் வேறொரு உண்மை தெரிகிறது. கர்ப்பகாலச் சிக்கல்களை மெய்யாகவே தடுக்கிற சத்து மாத்திரைகள் மிகச் சிலவே. அந்தச் சிலவற்றிலும் மிக முக்கியமான ஒன்றை, அதன் வேலை முடிந்துபோன பிறகுதான் நம் பெண்களில் பெரும்பாலோர் விழுங்கத் தொடங்குகிறார்கள். சீட்டைச் சுருக்கி, தொடங்கும் நாளை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஃபோலிக் ஆசிட்டிலிருந்து தொடங்குகிறேன். இதன் கதை தொடங்கியதே நம் பக்கத்தில்தான். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயின் நெசவாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்களிடம், கர்ப்பகாலத்தில் வரும் ஒருவகைக் கடுமையான ரத்தசோகையை ஆராய்வதுதான் அவர் வேலை. அதன் தொடர்ச்சியாகக் குன்னூரிலும் பணியாற்றினார். சென்னையில் இன்றும் பலர் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் சில காலம் இருந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்பட்ட மலிவான ஒரு சாறு அந்தச் சோகையைக் குணமாக்குகிறது என்று 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்தாண்டு கழித்து அதே பொருளைப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் ஆசிட் என்று பெயரிட்டார்கள். அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவ். ஒரு மாத்திரையின் பிறப்பில் இவ்வளவு பங்கு நம் மண்ணுக்கு இருந்தும், அதன் முழுப் பலன் நம் பெண்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ரத்தசோகையோடு அந்தக் கதை முடியவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ரிச்சர்ட் ஸ்மிதெல்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவரது குழுவினரும், முதுகுத்தண்டு சரியாக மூடாத குழந்தைகளைப் பெற்ற தாய்மாரின் ரத்தத்தில் ஃபோலிக் ஆசிட்டின் இயற்கை வடிவமான ஃபோலேட் குறைவாக இருப்பதை 1976இல் எடுத்துக்காட்டினார்கள். தண்டுவடப் பிளவு, மூளையும் மண்டையோடும் உருவாகாத நிலை ஆகியவற்றை மருத்துவர்கள் சேர்த்து நரம்புக்குழாய்க் குறைபாடு என்பார்கள். முதல்வகையோடு பிறக்கும் குழந்தை பல அறுவைச் சிகிச்சைகளோடும் கால் அசைவின்மையோடும் வாழ நேரிடலாம். இரண்டாம்வகையில் குழந்தை பிழைப்பதில்லை. ஸ்மிதெல்ஸின் சந்தேகத்தை ஐயமறச் சோதித்தது பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 7 நாடுகளில் 33 மையங்களில், ஏற்கெனவே இப்படியொரு குழந்தையைச் சுமந்த 1,817 பெண்களை நான்கு பிரிவாக்கி, கருத்தரிக்கும் முன்பிருந்தே மாத்திரை கொடுத்தார்கள். மறுபடியும் குறைபாடு கண்ட 27 கருக்களில், ஃபோலிக் ஆசிட் சாப்பிட்ட தாய்மாருடையவை 6, சாப்பிடாதவர்களுடையவை 21. பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் 1991இல் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆய்வின் மற்றொரு முடிவு அதிகம் பேசப்படுவதில்லை. அதே பெண்களில் ஒரு பகுதியினருக்கு வேறு ஏழு வைட்டமின்களும் கொடுக்கப்பட்டன. அவற்றால் இந்தக் குறைபாடு குறைந்ததாகத் தெரியவில்லை. காத்தது ஒன்றே ஒன்று.

அடுத்த ஆண்டே, முன்பு பாதிப்பு இல்லாத பெண்களிடமும் முதல் பாதிப்பைத் தடுக்க முடியும் என்று ஹங்கேரியில் ஆண்ட்ரூ சைசலின் குழு காட்டியது. 1999இல் சீனாவிலிருந்து வந்த மிகப் பெரிய ஆய்வில் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மட்டுமே கொடுக்கப்பட்டது. குறைபாடு மிகுந்திருந்த வடபகுதியில் பாதிப்பு ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. குறைபாடு குறைவாக இருந்த தென்பகுதியில் சுமார் 40 சதவீதம். பற்றாக்குறை எங்கே ஆழமோ அங்கே மாத்திரையின் பலனும் பெரிது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆயிரம் பிறப்புக்கு நான்குக்கும் சற்று மேல் இந்தக் குறைபாடு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1998 முதல் மாவில் ஃபோலிக் ஆசிட் சேர்ப்பது கட்டாயம். அங்கே இன்று ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை.

இனி நாள்கணக்குக்கு வருவோம். கரு உருவான 28 நாளுக்குள் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் சுமார் ஆறு வாரம். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இப்போது நம் வீடுகளில் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாள் தள்ளிப்போகிறது, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று ஒரு வாரம் போகிறது, கார்டு டெஸ்ட் எடுக்கிறார்கள், நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போகிறார்கள், பெயர் பதிவாகிறது, மாத்திரை கைக்கு வருகிறது. அதற்குள் எட்டு, பத்து வாரம். அப்போது விழுங்கும் ஃபோலிக் ஆசிட் வீண் என்று சொல்ல மாட்டேன், ரத்தம் உண்டாக அது வேண்டியதுதான். ஆனால் முதுகுத்தண்டைக் காக்கும் அதன் வேலைக்கு நேரம் கடந்துவிட்டது. ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை தெரியவந்து, ‘டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் போட்டேனே’ என்று ஒரு பெண் கேட்டால், அவள் மேல் எந்தத் தவறும் இல்லை. அவளுக்கு மாத்திரை கொடுக்கப்பட்ட நாள்தான் தவறு.

இதே பாடத்தை ஃபோலிக் ஆசிட்டோடு தொடர்பே இல்லாத இன்னொரு சத்தும் கற்றுத்தருகிறது. 1960களில் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில், ஜிமி பள்ளத்தாக்கில், பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றி, காது கேளாமல் பிறக்கும் குழந்தைகள் பலர் இருந்தார்கள். மண்ணில் அயோடின் இல்லாததுதான் காரணமா என்று பார்க்க, பெண்களில் ஒரு பாதியினருக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசியாகப் போடப்பட்டது. மறுபாதியினருக்கு வெறும் உப்புநீர். பின்னர் பிறந்த குழந்தைகளைச் சோதித்தபோது, ஊசி போடாத பக்கம் 26 குழந்தைகளுக்குப் பாதிப்பு, போட்ட பக்கம் 7. அந்த ஏழு தாய்மாரில் ஆறு பேர் ஊசி போட்ட அன்றே கர்ப்பமாக இருந்தவர்கள். கருத்தரிக்கும் முன் அயோடின் போய்ச் சேர்ந்த இடத்தில் ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு கிடைத்தது, பிந்திய இடத்தில் கைநழுவியது. கருவின் மூளை முதல் மாதங்களில் தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது என்பதால் இப்படி. நமக்கு இந்தக் காப்பு சமையலறை உப்பில் வந்துவிடுகிறது. இயற்கையானது என்று சொல்லி அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கும் இந்துப்புக்கும் மாறுகிற வீடுகள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். கல்லுப்புதான் வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பே கடையில் கிடைக்கிறது.

‘கீரையும் பருப்பும் ஒழுங்காகச் சாப்பிட்டால் மாத்திரை எதற்கு?’ என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. அதில் நியாயம் உண்டு, சத்துக்குச் சத்து அளவுதான் மாறும். கால்சியத்தில் இந்த வாதம் நன்றாகவே நிற்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், முருங்கைக்கீரையில் 300க்கு மேல், ஒரு பெரிய டம்ளர் பாலில் 200க்கு மேல். கூழும் களியும் நம் தட்டிலிருந்து போனதோடு அந்தக் கால்சியமும் போனது. இரும்பில் இந்த வாதம் தளர்கிறது. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் கூடுதலாக ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பு உடலுக்குள் சேர வேண்டும். கடைசி மாதங்களில் தினமும் 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் உறிஞ்சப்பட வேண்டும். நூறு கிராம் முருங்கைக்கீரையில் இருப்பதே நாலைந்து மில்லிகிராம், அதிலும் பத்தில் ஒரு பங்குகூட உடலில் ஒட்டாது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கும் மேல் கீரை வேண்டும். ஃபோலேட்டோ நீரில் கரைவது, கொதியில் அழிவது. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பாதியும் அதோடு போய்விடும். செறிவூட்டிய அரிசி போதாதா என்றால் அதையும் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த அளவுப்படி ஒரு கிலோவில் ஃபோலிக் ஆசிட் 75 முதல் 125 மைக்ரோகிராம். நாளுக்கு 300 கிராம் அரிசி உண்கிற பெண்ணுக்கு அதிலிருந்து 40 மைக்ரோகிராம்கூடத் தேறாது. தேவை 400. உணவு அடித்தளம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும் ஒரு வேலைக்கு உணவை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கால்சியத்தின் கதை இன்னும் சுவையானது. குவாத்தமாலாவில் மாயா இனப் பெண்கள் ஏழைகள், ஆனால் அவர்களிடம் கர்ப்பகால வலிப்பு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சமைக்கும் அவர்கள் வழக்கத்தால் உடலுக்குக் கால்சியம் ஏராளமாகக் கிடைக்கிறது, காரணம் அதுவாக இருக்கலாம் என்று ஹோசே பெலிசானும் ஹோசே வில்லாரும் 1980இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அதன்பின் உலகமெங்கும் சோதனைகள் நடந்தன. அமெரிக்காவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் தினம் 2 கிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்ததில் 1997இல் பலன் எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண்கள் உணவிலேயே போதிய கால்சியம் பெற்றவர்கள். உணவில் கால்சியம் குறைந்த நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் பிரசர் நோய் வருவது பெரிதாகக் குறையாவிட்டாலும், வந்த நோய் வலிப்பு வரை முற்றுவது குறைந்தது. இதனால் குறைந்த கால்சிய உணவு உண்ணும் மக்களுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை கொடுக்கச் சொன்னார்கள். இந்தியாவோ தினம் இரண்டு வேளை 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டது. பிறகு பெங்களூரிலும் தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலும் தலா 11,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. பிரசர் நோயைத் தடுப்பதில் நாளுக்கு 500 மில்லிகிராம் 1,500க்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. பெங்களூரில் குறைந்த அளவு பெற்றவர்களில் 3.0 சதவீதத்தினருக்கும் அதிக அளவு பெற்றவர்களில் 3.6 சதவீதத்தினருக்கும் அந்த நோய் வந்தது. அதிக மாத்திரை அதிகக் காப்பு என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைக்காது. மூன்று மாத்திரைக்குப் பதில் ஒன்று போதும் என்றால், ஒரு பெண் அதை விடாமல் சாப்பிடுவாள். இரும்பு மாத்திரையோடு இதைச் சேர்த்து விழுங்காமல் இருப்பதும் எளிதாகிவிடும். இரண்டும் ஒன்றாகப் போனால் கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது.

இரும்பைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். ரத்தசோகைத் தடுப்புக்காக மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 50.4. விரல் நுனி ரத்தத்தில் அளப்பதால் இந்த எண் சற்றுக் கூடுதலாக வரலாம் என்ற விமர்சனம் நியாயமானதே. அதைக் கழித்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. அப்படியானால் மாத்திரை வேலை செய்யவில்லையா? செய்கிறது. தினமும் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனைகளைத் தொகுத்தால், பிரசவ நேரத்தில் ரத்தசோகை எழுபது சதவீதம்போலக் குறைகிறது. ரத்தம் குறைந்த பெண்ணால் பிரசவத்தில் போகும் ரத்தத்தைத் தாங்க முடியாது. மற்றவர் தேறிவிடுகிற ரத்தப்போக்கு அவள் உயிரை எடுத்துவிடும். அந்த அளவில் இது உயிர்காக்கும் மாத்திரை. ஆனால் அதே குடும்பநல ஆய்வில் 180 நாளும் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் 26 சதவீதம்தான். மற்றவர்கள் ஏன் விட்டார்கள்? குமட்டல், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், கறுத்து வெளியேறும் மலத்தைப் பார்த்து வரும் பயம், மாத்திரையால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சு, பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும் என்ற பேச்சு. முதல் மூன்றும் உண்மையான தொல்லைகள். அவற்றைச் சகித்துக்கொள் என்று சொல்வது தீர்வாகாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார்க்கலாம், வேறுவகை இரும்பு மாத்திரைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். காபி டீயை ஓரிரு மணி நேரம் தள்ளி வைப்பது, எலுமிச்சை, நெல்லிக்காயைச் சேர்த்துக்கொள்வது இரண்டும் இரும்பு உடலில் ஒட்ட உதவும். மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால், அதனால் கெடுதல் இல்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பே கிடையாது. இந்தப் பத்து வாக்கியங்களைச் சொல்லப் பதிவு நாளில் யாருக்காவது ஐந்து நிமிடம் கிடைத்தால், புதிதாக இன்னொரு டானிக்கைச் சேர்ப்பதைவிட அது பெரிய பலன் தரும்.

ரத்தசோகை எல்லாமே இரும்புக்குறைவு அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கொக்கிப்புழு, பி12 குறைவு, தலசீமியா என்று காரணம் பல. இந்தியாவில் அரிவாள் அணு ரத்தநோய்க்கூறு முதன்முதலாக 1952இல் கண்டறியப்பட்டதே நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். இப்படி வேறு காரணத்தால் ரத்தசோகை வந்த பெண்களுக்கு இரும்பு மாத்திரையை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது மருத்துவமாகாது. ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், ஏன் என்று கேட்டுச் சோதனை செய்ய வேண்டும். மாதம் ஏறிக்கொண்டே போனால் ஊசிவழி இரும்பு ஏற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனிச் சீட்டின் நீளத்துக்கு. கர்ப்பகால பிரசர் நோயில் உடல் திசுக்களுக்கு ஒருவகை ஆக்ஸிஜன் சேதம் நேர்கிறது, ஆகவே வைட்டமின் சி, ஈ கொடுத்தால் தடுக்கலாம் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. பிரிட்டனில் அபாயம் மிகுந்த 2,400க்கும் மேற்பட்ட பெண்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வந்த முடிவு: வைட்டமின் பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கு நோய், வெறும் மாத்திரை பெற்றவர்களில் 16. வித்தியாசமே இல்லை. எடை குறைந்த குழந்தைகளோ வைட்டமின் பக்கம் 28 சதவீதம், மறுபக்கம் 24. அமெரிக்காவில் பத்தாயிரம் பெண்களிடம் செய்த ஆய்வும் 2010இல் பலனில்லை என்றே சொன்னது. வைட்டமின் ஏ-யின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. நேபாளத்தில் அது தாய்மார் இறப்பை ஏறக்குறைய 40 சதவீதம் குறைத்ததாக 1999இல் செய்தி வந்தபோது உலகமே மகிழ்ந்தது. கானாவிலும் வங்கதேசத்திலும் அதைவிடப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ரெட்டினால் வடிவிலான வைட்டமின் ஏ-யை முதல் மாதங்களில் நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் எடுத்தால் கருவுக்கே ஊனம் நேரலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. கேரட்டும் கீரையும் அந்தக் கணக்கில் வராது, அவற்றைத் தயங்காமல் சாப்பிடலாம்.

புரோட்டீன் பவுடரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். குடும்பங்கள் கஷ்டப்பட்டு வாங்கும் பொருள் இதுதான். 1970களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்குப் புரதம் செறிந்த பானம் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. நல்லது நடக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், மிக முன்கூட்டிய பிரசவங்களும் அதனால் சிசு மரணங்களும் அந்தப் பிரிவில் கூடின. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு உயர்புரதச் சத்துப்பொடியைப் பரிந்துரைப்பதில்லை. ஊட்டக்குறைவு பரவலான இடங்களில் புரதமும் மாவுச்சத்தும் கொழுப்பும் அளவாகக் கலந்த உணவையே பரிந்துரைக்கிறது. அங்கன்வாடி சத்துமாவு அந்த வகையைச் சேர்ந்தது. கடையில் பளபளக்கும் டப்பாவுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு மாதத்துக்கு முட்டையும் சுண்டலும் வாங்கலாம். அதை வாங்கிக் கொடுங்கள்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு, அதை ஒதுக்க மாட்டேன். ஒரே மாத்திரையில் பதினைந்து நுண்சத்துகளை அளவாகச் சேர்த்துத் தரும் முறை இருக்கிறது. இந்தோனேசியாவின் லோம்போக் தீவில் அதை இரும்பு-ஃபோலிக் ஆசிட்டோடு ஒப்பிட்டபோது, 2008இல் வெளிவந்த முடிவில் பிறந்து மூன்று மாதத்துக்குள் நேரும் குழந்தை இறப்பு 18 சதவீதம் குறைந்திருந்தது. வங்கதேசத்தில் 2014இல் வந்த ஆய்வில் இறப்பு குறையவில்லை, ஆனால் குறைமாதப் பிரசவமும் எடைக்குறைவும் குறைந்தன. ஆகவே சில சத்துகள் மட்டுமே என்று நான் பிடிவாதம் பிடிக்க முடியாது. பல சத்துகளில் ஒருசேரக் குறைவு இருக்கும் ஊரில் இந்த ஒற்றை மாத்திரைக்கு இடம் இருக்கிறது. ஆனால் அது ஒரே மாத்திரை, அதன் அளவுகள் வரையறுக்கப்பட்டவை, இலட்சக்கணக்கில் சோதிக்கப்பட்டவை. ஆறு கம்பெனியின் ஆறு டப்பாக்களை ஒருத்தியின் தலையில் கட்டுவதற்கு அந்த ஆய்வுகளைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

‘எங்கள் பாட்டி எந்த மாத்திரை போட்டாள்? எட்டுப் பெற்றாளே’ என்ற பேச்சும் வரும். எட்டுப் பெற்ற பாட்டியை நாம் பார்த்திருக்கிறோம். மூன்றாவது பிரசவத்தில் போன பெண்ணைப் பேரப்பிள்ளைகளாகிய நாம் பார்த்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் இறப்பு என்ற நிலைக்கு 2018-20இல் வந்து சேர்ந்தோம். மருத்துவமனைப் பிரசவம், ரத்த வங்கி, ஆம்புலன்ஸ், கிராமச் சுகாதார செவிலியரின் நடை எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த எண் அது. மாத்திரையும் அதில் ஒரு பங்கு.

மற்றொரு எதிர்ப்பு மருத்துவ உலகுக்குள்ளிருந்தே வருகிறது. ஃபோலிக் ஆசிட் அதிகமானால் கெடுதல் இல்லையா? புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு பல ஆண்டு தொடர்ந்த ஆய்வில், பி12 குறைவாகவும் ஃபோலேட் அதிகமாகவும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஆறு வயதில் இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை மிகுந்து காணப்பட்டது. காரணத்தை உறுதி செய்யும் சோதனை அல்ல அது, ஆனால் பால், முட்டை, மீன், இறைச்சி குறைவாக உண்ணும் நாட்டில் புறக்கணிக்கக் கூடிய சேதியும் அல்ல. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அளவைப் பற்றிய எச்சரிக்கையைத்தான். நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. பெரும்பாலான பெண்களுக்கு வேண்டியது அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. முன்பு இத்தகைய குறைபாட்டோடு குழந்தை உண்டானவர்கள், சில வலிப்பு மருந்துகள் சாப்பிடுபவர்கள் போன்றோருக்கே மருத்துவர் சொல்லி அதிக அளவு தேவைப்படும். முழுச் சைவ உணவுக்காரர்கள் பி12-ஐயும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. அளவைத் திருத்த வேண்டியதற்காக மாத்திரையையே கைவிடச் சொல்லும் ஆய்வு எதுவும் என் பார்வைக்குப் படவில்லை.

அப்படியானால் யார், எப்போது தொடங்கிவைப்பது? ரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தின் வழிகாட்டியிலேயே, கருத்தரிக்கும் முன்பிருந்து முதல் மூன்று மாதம் வரை தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் என்று எழுதியிருக்கிறது. தாளில் இருக்கிறது, கையில் சேர்வதில்லை. கருத்தரிக்கும் முன் ஒரு பெண்ணைச் சந்திக்கிற ஏற்பாடு ஏதும் சுகாதாரத் துறையில் இல்லை என்று சொல்வார்கள். இருக்கிறது. கிராமச் சுகாதார செவிலியரிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு உண்டு. யாருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆனது, யார் அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக எழுதப்படும் அந்தப் பதிவேட்டிலேயே ஃபோலிக் ஆசிட்டுக்கும் ஒரு பத்தியைச் சேர்க்கலாம். காப்பர்-டி எடுக்க வருகிற பெண், கருத்தடை மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்று கேட்க வருகிற பெண், இருவரும் தங்கள் எண்ணத்தை வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. கல்யாணமான மூன்றாம் மாதத்திலேயே ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்கத் தொடங்கும் மாமியாரும் அத்தையும், அந்தக் கேள்விக்கு முன்னதாகவே மாத்திரையை வாங்கி வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

திட்டமிடாத கர்ப்பங்களுக்கு இதுவும் போதாது. அதனால்தான் பல நாடுகள் ஃபோலிக் ஆசிட்டை மாவில் சேர்த்தன. பிரிட்டன், ஆய்வு முடிந்து முப்பதாண்டு யோசித்த பிறகு 2021இல் அந்த முடிவுக்கு வந்தது. 2023இல் உலக சுகாதாரப் பேரவையும் உணவில் செறிவூட்டி இந்தக் குறைபாட்டைத் தடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நமக்கு மாவைவிட உப்பு பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லா வீட்டிலும் எல்லா நாளும் உப்பு உண்டு, அயோடின் சேர்க்கும் ஆலைகளும் தூத்துக்குடியிலேயே இருக்கின்றன. அயோடினோடு ஃபோலிக் ஆசிட்டையும் சேர்த்த உப்பைத் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றில் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில், சில மாதத்திலேயே ரத்தத்தில் ஃபோலேட் நன்றாக உயர்ந்தது. பி12 குறைந்த மக்களிடம் அதைப் பெரிய அளவில் சோதித்து, பாதுகாப்பானது என்று தெரிந்தால் அரசு தயங்கக் கூடாது. அந்த உப்பு வரும் வரைக்கும் மாத்திரைதான் வழி. பிள்ளை பெற நினைக்கும் பெண்கள், குறைந்தது ஒரு மாதம் முன்னதாக, முடிந்தால் மூன்று மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். வலிப்பு மருந்தோ தைராய்டு மருந்தோ சர்க்கரை மருந்தோ எடுப்பவர்கள், எதையும் தானாக நிறுத்தாமல், கர்ப்பமாவதற்கு முன்பே மருத்துவரிடம் போய் உங்கள் எண்ணத்தைச் சொல்லி, எந்த அளவு ஃபோலிக் ஆசிட் என்று கேட்டு வாங்குங்கள்.